செல்லத்தாய் பேரில் வந்த மாடு

1

உங்கள் ஊரில் ஏழைகளுக்கு அரசாங்கம் ஒன்றுமே செய்வதில்லையா என்று எதிர்வீட்டு மரியம் அக்கா கேட்டார். கேட்டு இரண்டு வாரம் ஆகிறது. அதற்குப் பிறகு நான் அவர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை.

அன்று என் மகள் ஷீபாவுக்கு நான்கு வயது முடிந்தது. சேமியாப் பாயசம் செய்து, ஒரு கிண்ணத்தில் ஊற்றி மரியம் அக்காவுக்குக் கொண்டு போனேன். அவர் மலாய்க்காரர். என்னைவிட இருபது வயது மூத்தவர். நாங்கள் சிங்கப்பூருக்கு வந்த புதிதில், லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது, எட்டாம் மாடியில் இறங்கி ஒன்பதாம் மாடிக்கு நடக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அன்று அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் இந்தியாவைப் பற்றி ஏதோ காட்டிக்கொண்டிருந்தார்கள். புழுதியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், வறண்ட கிணறு, எலும்பும் தோலுமாக ஒரு மாடு. அவர் குத்தலாகக் கேட்கவில்லை. பாயசக் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார்.

செய்கிறது என்று சொல்லியிருக்கலாம். எங்கள் அரசாங்கம் எத்தனையோ திட்டம் போட்டிருக்கிறது, அவற்றில் ஒன்றை ஊர் ஊராக எடுத்துச் சென்றவரே என் அப்பாதான் என்றும் சொல்லியிருக்கலாம். போன வருடம் கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன், கொஞ்சம் பெருமையோடு. இப்போது வாய் வரவில்லை. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இதை எழுதலாமா என்று பலமுறை யோசித்தேன். எல்லார் பெயரையும் மாற்றியிருக்கிறேன். சங்கரன்கோவில் என்ற எங்கள் ஊர்ப் பெயரை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. மாற்றினால் இது நடக்காத கதை போல் ஆகிவிடும் என்று தோன்றியது.

2

என் அப்பா யூனியன் ஆபீசில் கிராம சேவக். அவருடைய வட்டாரம் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, மழையை நம்பிய கரிசல் காடு. பருத்தி, உளுந்து, மிளகாய் தவிர வேறு விளையாது. எங்களுக்கோ வாசுதேவநல்லூர்ப் பக்கம் குளத்துப் பாசனத்தில் கொஞ்சம் வயல் உண்டு. அரிசிக்குக் குறை இல்லை. அப்பா காலையில் சைக்கிளில் கிளம்பினால் பொழுது சாயத்தான் திரும்புவார். சட்டையெல்லாம் கரிசல் புழுதியாக இருக்கும். வீரிய விதை, அம்மை ஊசி, புகையில்லாத அடுப்பு என்று எதையாவது கொண்டு போய்க்கொண்டே இருப்பார். சில நாள் என்னையும் முன்கம்பியில் உட்கார வைத்துக் கூட்டிப் போவார். ஊர் எல்லையில் பெண்கள் அவரைக் கண்டதும் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பேச வருவார்கள். அந்த மரியாதை என்மேலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். சாப்பாட்டுக்கு முன்னால் அப்பாதான் ஜெபம் பண்ணுவார். இந்த வேளைக்கு இல்லாதவர்களையும் நினைத்தருளும் ஆண்டவரே என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்த வரி முடிகிற வரை சோற்றில் கை வைக்கக் கூடாது. சிறு வயதில் அந்த வரி எப்போது வரும் என்று காத்திருப்பேன்.

பத்தாம் வகுப்பில் வறுமை ஒழிப்பு பற்றிக் கட்டுரைப் போட்டி வந்தது. அப்பா எனக்கு ஒரு உவமை சொல்லிக் கொடுத்தார். நாட்டின் வளர்ச்சி குளத்தில் பெருகுகிற தண்ணீர் மாதிரி. குளம் நிறைந்துவிட்டது என்பதற்காகக் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்விடாது. மடை திறக்கிறவன் நேர்மையாக இருக்க வேண்டும். திட்டம் என்பது அந்த மடை. அதை அப்படியே எழுதினேன். முதல் பரிசு கிடைத்தது. எங்கள் ஊரில் அப்போதே விசைத்தறிகள் பெருகிக்கொண்டிருந்தன. தெருவுக்குத் தெரு தடதடவென்று சத்தம். தறி முதலாளிகள் மாடி கட்டினார்கள். தறி ஓட்டுகிறவர்கள் அதே ஓட்டு வீட்டில் இருந்தார்கள். இதையும் கட்டுரையில் சேர்த்திருந்தேன். அப்பா படித்துவிட்டு, பரவாயில்லையே, கண்ணைத் திறந்துதான் நடக்கிறாய் என்றார். அவர் என்னைப் பாராட்டுவது அபூர்வம்.

3

செல்லத்தாய் அந்தக் கரிசல் காட்டு ஊர்க்காரி. எனக்கு ஏழெட்டு வயது மூத்தவள். சிறுமியாக எங்கள் வீட்டு வேலைக்கு வந்து, என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவள். அதனால் இன்றைக்கும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள், நீ என்றுதான் பேசுவாள். கல்யாணமாகித் தன் ஊரோடு போய்விட்டாள். ஒரு பெண் குழந்தை பிறந்த கையோடு அவள் புருஷன் இறந்துபோனான். பிறகு காட்டு வேலை இல்லாத நாளில் எங்கள் வீட்டுக்கு வருவாள். தொழுவத்தைக் கூட்டுவாள், நெல் புடைப்பாள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். ஏழாம் மாதம் சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்தேன். என்னைக் கூட்டிக்கொண்டு வந்த மாமியார் வாசலிலேயே கேட்ட முதல் கேள்வி, வீட்டில் கறவை நிற்கிறதா என்பதுதான். பிள்ளை பெறப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிற வீட்டில் ஒரு கறவை மாடு நிற்க வேண்டும். கடையில் பால் வாங்கிக் கொடுத்தால், பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணிப் பால் கொடுத்தார்கள் என்று பேச்சு வரும். எங்கள் பழைய பசு அந்த வருடம் வற்றிப் போயிருந்தது. அம்மா முகம் சுருங்கிவிட்டது. அப்பா மட்டும், ஏற்பாடு ஆகுது மைனி என்று சொன்னார்.

இரண்டு வாரத்தில் மாடு வந்தது. வெள்ளையும் கறுப்புமாகப் பெரிய சீமைப்பசு. எங்கள் தெருவே வேடிக்கை பார்க்க வந்தது. மடி ஒரு அண்டாவைப் போல் இருந்தது. செல்லத்தாய்தான் அதைக் கவனித்துக்கொண்டாள். அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் பேசுவதைப் பார்த்து, புருஷனிடம் கூட நீ இப்படிக் கொஞ்சியிருக்க மாட்டாய் என்று அம்மா கேலி செய்வாள். அவனுக்கு இத்தன பெரிய கண்ணு இல்லலா என்பாள் செல்லத்தாய்.

மாட்டின் காதில் ஒரு வில்லை அடித்திருந்தது. எண் போட்ட சின்ன வில்லை. அது எதற்கு என்று அப்பாவிடம் கேட்டேன். சர்க்கார் ஊசி போட்டதற்கு அடையாளம் என்றார். நான் நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு என்ன காரணம்?

ஷீபா பிறந்தாள். பூண்டும் கருவாடும் மருந்துமாக அம்மா எனக்குப் போட்டாள். காலையும் மாலையும் பெரிய டம்ளரில் ஆடை மிதக்கப் பால். வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். மீந்த பால் முக்கு டீக்கடைக்குப் போகும். தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அப்பா ஜெபம் பண்ணும்போது, இல்லாதவர்களையும் நினைத்தருளும் என்ற வரி அப்போதும் இருந்தது. ஐந்தாம் மாதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் சிங்கப்பூருக்குத் திரும்பினேன்.

4

இங்கே எங்கள் நாட்கள் ஒரே மாதிரியானவை. என் கணவர் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர். காலை ஆறரைக்குக் கிளம்பிவிடுவார். ஷீபாவைக் கீழே உள்ள பாலர் பள்ளியில் விட்டுவிட்டு, நான் சந்தைக்குப் போய் வந்து சமைப்பேன். அவள் திரும்பி வரும்போது ஆங்கிலமும் சீனமும் கலந்து ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு வருவாள். தமிழில் பாடு என்றால் இடுப்பில் கை வைத்து என்னைப் பார்ப்பாள். ஊரில் உள்ள தாத்தாவுக்குக் கேசட்டில் பேசிப் பதிவு செய்து அனுப்புவது வழக்கம். அதற்கு மட்டும் ஆசையாகத் தமிழ் பேசுவாள். இந்த மாதம் கேசட் அனுப்பவில்லை. ஏன் அம்மா என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

வருடத்துக்கு ஒருமுறை குடிநுழைவு அலுவலகத்தில் எங்கள் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். முதல் முறை போனபோது கவுண்டரில் இருந்த பெண், உன் கணவர் எங்கே என்று கேட்டாள். அவர் வேலையாகப் பக்கத்துத் தீவுக்குப் போயிருந்தார். நான் பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்த ஆங்கிலத்தில் ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்றேன். எந்த ஸ்டேஷன், போலீஸ் ஸ்டேஷனா என்று அவள் திடுக்கிட்டுக் கேட்டாள். அன்று முழுதும் எனக்குப் பயம். அனுமதி கிடைக்காமல் போய்விடுமோ என்று தூங்கவில்லை. ஆனால் சொன்ன தேதியில், சொன்ன ஜன்னலில், என் பெயர் போட்டது என் கைக்கு வந்தது. யாரையும் போய்ப் பார்க்கவில்லை. யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை.

மரியம் அக்கா முன்பு ஒரு கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், ஓலைக் கூரை வீட்டில் இருந்தவர். அந்த நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, எல்லாக் குடும்பத்துக்கும் அடுக்குமாடி வீடு ஒதுக்கியது. அவருக்கு அதில் முழு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. கோழிகளைக் கொண்டுவர விடவில்லை, வளர்த்த மரத்தை வெட்டினார்கள் என்று இன்றும் குறைப்படுவார். இருந்தாலும் அவர் பெயரில் வந்த சாவி அவர் கைக்குத்தான் வந்தது. அவருடைய மகள் ரேடியோ பாகங்கள் பொருத்தும் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். தாய் ஓலை வீட்டில் பிறந்தாள், மகள் சம்பளம் வாங்கினாள். வளர்ச்சி என்று புத்தகத்தில் படித்ததை நான் எதிர்வீட்டில் பார்த்தேன்.

இது சொர்க்கம் என்று எழுதவில்லை. போன வருடம் இங்கேயும் தொழில் படுத்துவிட்டது. மரியம் அக்கா மகளுக்கு வேலை போயிற்று. என் கணவருடைய பட்டறையிலும் ஆட்களைக் குறைக்கிறார்கள். எந்த நாள் எங்கள் முறை என்று தெரியாது. நாங்கள் வெளிநாட்டுக்காரர்கள், அந்த வீட்டுத் திட்டமெல்லாம் எங்களுக்கு இல்லை. இந்த அடுக்குமாடிகளைக் கட்டுகிற வெளிநாட்டுப் பையன்கள் தகரக் கொட்டகையில் படுத்து எழுந்திருக்கிறார்கள். மடை இங்கேயும் எல்லா வயலுக்கும் திறப்பதில்லை. ஆனால் இன்னாருக்கு என்று சொல்லிவிட்டால் அது இன்னாருக்குப் போகிறது. நான்கு வருடமாக இதைப் பார்த்து, நம் ஊரிலும் ஒரு நாள் இப்படி வரும், அப்பா மாதிரி நாலு பேர் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

5

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனோம். கைக்குழந்தையாக ஷீபாவைத் தூக்கி வந்த பிறகு அதுதான் முதல் முறை. தொழுவத்தில் அந்தச் சீமைப்பசு இல்லை. வற்றிப்போச்சு, வித்தாச்சு என்றாள் அம்மா. அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்து வீட்டுப் பசும்பாலை ஷீபாவுக்குக் காய்ச்சிக் கொடுத்தபோது, நாற்றமடிக்கிறது, டின் பால்தான் வேண்டும் என்று தள்ளிவிட்டாள். அம்மா வருத்தப்பட்டாள். நான் சிரித்தேன்.

செல்லத்தாயைக் காணவில்லை. கேட்டால், இப்போதெல்லாம் அவள் வருவதில்லை என்றார்கள். அவளுக்கென்று ஒரு நைலக்ஸ் சேலை வாங்கி வந்திருந்தேன். கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியதும், வெயிலில் எதற்குப் போகிறாய், ஆள் மூலம் கொடுத்துவிடலாம் என்று அம்மா இரண்டு முறை தடுத்தாள். நான் டவுன் பஸ் ஏறிவிட்டேன்.

செல்லத்தாய் வீட்டுக்குக் கதவு இல்லை. வாசலில் உரச்சாக்கைப் பிரித்துத் தைத்துத் தொங்கவிட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். முகத்தைத் தடவி, பாப்பா, நல்லா வெளுத்துட்ட என்றாள். கதவு எங்கே என்று கேட்டேன்.

“ஜீப்புல ஏறிப் போயிட்டு. எனக்குத்தான் ஜீப்புல போகக் குடுத்து வைக்கல, எங் கதவுக்காவது வாச்சிச்சே” என்றாள்.

எந்த ஜீப் என்று கேட்டேன். பேங்கு ஜீப்பு என்றாள். எதற்கு என்றேன். மாட்டுக் கடனுக்கு என்றாள். எந்த மாடு என்று கேட்டதும் அவள் சிரிப்பு நின்றது.

“உங்க தொழுவுல நின்னுச்சுல்லா, அந்த மாடுதான். எம் பேருல வாங்குனது. ஒண்ணும் தெரியாத மாதிரில்லா கேக்க?”

பிறகு அவள் சொன்னதைக் கோவையாகச் சொல்கிறேன். ஆதரவற்ற பெண்களுக்குக் கறவை மாடு வாங்க அரசாங்கம் பாதி மானியம் கொடுத்தது, மீதி வங்கிக் கடன். அப்பா தன் வட்டாரத்தில் தேர்ந்தெடுத்த பெண்களில் செல்லத்தாயும் ஒருத்தி. மாடு வந்தது. உன் வீட்டில் நிழலும் இல்லை, தீவனமும் இல்லை, எங்கள் தொழுவத்தில் நிற்கட்டும், பாப்பா பிரசவம் முடிந்ததும் நீ ஓட்டிக்கொண்டு போ, தவணையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பா சொன்னார். அவளும் சம்மதித்தாள். காதில் இருந்த வில்லை, அது கடன் மாடு என்பதற்கு அடித்த அடையாளம்.

“பச்ச ஒடம்புக்காரிக்குப் பாலு வேணும்னு அய்யா சொன்னாவ. நீதான குடிக்கப் போறன்னு நானும் ரேகய வச்சேன். நீன்னா எனக்கு ஒண்ணும் இல்ல பாப்பா” என்றாள்.

நான் போன பிறகு மாடு வற்றியது. அடுத்த சினை பிடிக்கிற வரை தீனி போட முடியாது என்று அப்பா சந்தையில் விற்றுவிட்டார். தவணையும் நின்றுபோயிற்று. வங்கிக்குத் தெரிந்த கடன்காரி செல்லத்தாய்தான். அவள் கட்டாததால் அந்தத் தெருவில் வேறு யாருக்கும் கடன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆடு வாங்க நினைத்தவள், தையல் மெஷின் கேட்டவள், எல்லாரும் இவளைத்தான் ஏசினார்கள். மாட்ட முழுங்கினவ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். குழாயடியில் இவள் வரிசைக்கு வந்தால் குடத்தை இழுத்துக்கொள்கிறார்கள்.

அவள் மகள் முத்துமாரி பள்ளிக்கூடத்திலிருந்து தட்டோடு வந்தாள். சத்துணவு சாப்பிட்ட தட்டு. பிள்ளை கன்னம் கொழுகொழுவென்று இருந்தது. அதைப் பார்க்கும்போது ஒரு எண்ணம் வந்தது. சோற்றைப் பிள்ளை அங்கேயே உட்கார்ந்து, ஊர் பார்க்கத் தின்றுவிடுகிறது. அதைக் கொண்டுபோய் இன்னொருவர் தொழுவத்தில் கட்ட முடியாது. மாடு அப்படியில்லை. அது நடக்கும். பிடித்து இழுக்கிற பக்கம் வரும்.

எவ்வளவு கட்ட வேண்டுமோ நான் கட்டிவிடுகிறேன் என்று அவசரமாகச் சொன்னேன். செல்லத்தாய் என் கையிலிருந்த சேலைப் பொட்டலத்தை வாங்கவே இல்லை.

“நீ கட்டிருவ. கட்டுனா என்ன சொல்லுவாவ? தின்னவ இப்பக் கக்கிட்டான்னு சொல்லுவாவ. ரூவா வேண்டாம் பாப்பா. மாடு உங்க வீட்டுலதான் நின்னுச்சுன்னு ஒரு வார்த்த சொல்லு. படிச்சவ சொன்னா கேப்பாவ.”

வங்கிக்குப் புது மேனேஜர் வந்திருக்கிறாராம். இவள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டிருக்கிறார். மாடு எங்கே நின்றது என்று தெரிந்த ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அவள்மேல் தப்பில்லை என்று மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் தெருவில் பலருக்குத் தெரியும். அப்பாவுக்கு எதிராக ஒருவரும் எழுதமாட்டார்கள்.

6

மறுநாள் காலை அப்பாவிடம் கேட்டேன். அவர் கொல்லையில் கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். செல்லத்தாய் வீட்டில் கதவு இல்லை என்றேன். அவர் கை நிற்கவில்லை.

“அங்கன குடிக்கத் தண்ணி கெடையாது. சீமமாட்டுக்குப் புண்ணாக்குக்கு எங்க போவா? அவ வீட்டுல கட்டியிருந்தா மூணே மாசத்துல தோல உரிச்சிருப்பாவ. நான் ஒரு வருசம் காப்பாத்துனேன்” என்றார்.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. அதே திட்டத்தில் அந்த ஊருக்கு வந்த மற்ற மாடுகளில் பாதி கோடையிலேயே செத்துப்போனதாகச் செல்லத்தாயும் சொன்னாள். கரிசல் காட்டில் பச்சைப் புல் இல்லாத இடத்தில் இப்படிப்பட்ட மாட்டைக் கொடுக்கலாம் என்று எங்கோ ஒரு மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் புரிகிறது. அப்படியானால் திட்டம் சரியில்லை என்று மேலே எழுதியிருக்கலாமே, ஆடு கொடுங்கள் என்று கேட்டிருக்கலாமே என்றேன். தவணையை ஏன் நிறுத்தினீர்கள் என்றும் கேட்டேன். கத்தியைக் கழுவி வைத்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார்.

“இப்பப் பேசுதியே. குடிக்கும்போது கேட்டியா?”

“கேட்டேம்ப்பா. காதுல என்ன வில்லன்னு கேட்டேன்.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே போய்ச் சட்டையை மாட்டினார். அன்று காலைப் பலகாரத்துக்கு முன்னால் ஜெபம் அம்மாதான் பண்ணினாள்.

அப்பா ஆபீசுக்குப் போன பிறகு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏட்டி, ஆனி மாசம் ரிட்டையர் ஆறாவ, பென்சன் வரணும், தம்பிக்கு ஒரு வேலை ஆகணும், எதுக்கு இப்ப இதப் போட்டுக் கிண்டுத என்றாள். அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். தம்பிக்கும் தெரியும். அந்த மாட்டை வேடிக்கை பார்க்க வந்த தெருவுக்கே தெரிந்திருக்கிறது. தெரியாதவள் நான் ஒருத்திதான். எனக்காக வந்த மாடு அது. ஒருவேளை தெரியாமல் இருப்பதுதான் என் பங்கு என்று எல்லாருமாக வைத்துவிட்டார்களோ? காதில் வில்லையைப் பார்த்து ஒரு முறை கேட்ட நான், ஏன் இரண்டாம் முறை கேட்கவில்லை? என் மாமியார் வாசலில் நின்று கறவை நிற்கிறதா என்று கேட்காமல் இருந்திருந்தால், அப்பா இந்த வழிக்குப் போயிருப்பாரா? இப்படியே யோசித்துக்கொண்டு போனால் யார்மேலும் கோபப்பட முடியாமல் போகிறது. ஆனால் கோபம் இருக்கிறது. அவர் திருடியது மாட்டை மட்டும் என்றால் எனக்கு இவ்வளவு வலிக்காது. மடையைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

கிளம்பும் நாளில் ரயில் நிலையத்துக்கு அப்பா வந்தார். ஷீபாவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு செங்கோட்டை வண்டி வருகிற வரை கதை சொன்னார். வண்டி நகர்ந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். பிள்ளையப் பாத்துக்க என்று மட்டும் சொன்னார்.

7

சிங்கப்பூருக்கு வந்த பிறகு என் கணவரிடம் எல்லாம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். உடனே, வேலை இருக்கும்போதே அந்தக் கடனை அடைத்துவிடலாம், பேங்கில் பேர் கழிந்துவிடும், உன் அப்பாவுக்கும் கெடுதல் இல்லை என்றார். இந்த வீட்டில் எல்லாக் கணக்கும் அவருக்குச் சுலபமாக முடிந்துவிடும். செல்லத்தாய் வேண்டாம் என்றதைச் சொன்னேன். அது வீம்பு, ரசீதைப் பார்த்தால் சரியாகிவிடுவாள் என்றார். எனக்கு அது வீம்பாகத் தெரியவில்லை. அவளுக்கு வர வேண்டிய மாடு வரவில்லை. அது போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். வாங்காததை வாங்கினாள் என்று ஊர் சொல்வதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நான் பணம் கட்டினால், வாங்கினாள் என்பதற்கு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகும்.

போன வாரம் செல்லத்தாய் யாரையோ வைத்து ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கிறாள். அந்த மேனேஜருக்குச் சித்திரையில் வேறு ஊருக்கு மாற்றல் ஆகிறதாம். அடுத்து வருகிறவர் கேட்பாரோ மாட்டாரோ என்கிறாள். வேறு எதுவும் இல்லை. நலமா என்று கூடக் கேட்கவில்லை.

மேனேஜருக்கு நான் எழுத வேண்டியது நான்கு வரி. மாடு எங்கள் தொழுவத்தில் நின்றது, பாலை நான் குடித்தேன், மாட்டை விற்றவர் என் தகப்பனார், செல்லத்தாய் அதில் ஒரு சொட்டும் காணவில்லை. அவ்வளவுதான். பலமுறை உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் வரியில் பேனா நின்றுவிடுகிறது. அந்த வரி போனால் அப்பாமேல் விசாரணை வரும். ஓய்வு பெற ஐந்து மாதம் இருக்கும்போது வேலையிலிருந்து நிறுத்தினால் பென்சனும் போகும். அம்மா எதைக் கொண்டு சாப்பிடுவாள்? தேவாலயத்தில் அவர்கள் எந்த முகத்தோடு போய் உட்காருவார்கள்? அந்த வரி இல்லாமல் எழுதினால் மேனேஜர் நம்பமாட்டார்.

இந்தப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கும் வருகிறது. இதை அச்சில் பார்த்தால் அப்பா முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். பெயரை மாற்றியதெல்லாம் பிரயோஜனமில்லை. தெரிந்தேதான் அனுப்புகிறேனா, அல்லது அவராகவே போய் மேனேஜரிடம் சொல்லிவிடுவார் என்ற நப்பாசையில் அனுப்புகிறேனா, எனக்கே தெரியவில்லை. அவராகச் சொன்னால் தண்டனை குறையும் என்று யாராவது சொல்லக் கேட்டால் நன்றாக இருக்கும்.

இதை வாசிக்கிறவர்களில் வங்கியில் வேலை செய்கிறவர்கள் இருப்பீர்கள். யூனியன் ஆபீசில் இருப்பவர்கள் இருப்பீர்கள். பெற்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்ன பிள்ளைகளும் இருக்கலாம், சொல்லாமல் விட்டவர்களும் இருக்கலாம். அப்பாவை ஜெயிலுக்கோ தெருவுக்கோ அனுப்பாமல் செல்லத்தாய் பேரைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். வழியே இல்லை, இரண்டில் ஒன்றுதான் என்றால், அதையும் மறைக்காமல் எழுதுங்கள். கடிதம் இங்கே வந்து சேரப் பத்து நாள் ஆகும். சித்திரைக்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும்.